கவனச் சிதறல் காரணமா, வர்ணனையா? குயின்சி விபத்து அறிக்கையை மறுபடி படித்தபோது

தூக்கம் வராத ராத்திரிகளில் விமான விபத்து அறிக்கைகளைப் படிப்பது எனக்குப் பல வருஷப் பழக்கம். வீட்டில் இதைப் பற்றி நல்ல அபிப்பிராயம் கிடையாது. பெரிய ஜெட் விபத்துகளைப் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள், டாகுமென்டரி எடுக்கிறார்கள். சில மாதங்களாக நான் படித்துக்கொண்டிருப்பது யாரும் சீண்டாத ஒரு வகை: சின்ன விமானங்கள் தரையிலேயே ஒன்றோடொன்று மோதிக்கொள்வது.

பெரும்பாலான கேஸ்கள் செய்திக்கே வராது. ஒரு செஸ்னா நிறுத்துமிடத்திலிருந்து கிளம்புகிறது. பைலட் குனிந்து ஜிபிஎஸ்ஸில் போகவேண்டிய இடத்தைத் தட்டிக்கொண்டிருக்கிறார், அல்லது ரேடியோவில் சொன்னதைத் தொடையில் கட்டிய பேடில் எழுதிக்கொண்டிருக்கிறார். விமானம் மெதுவாக உருண்டுகொண்டே இருக்கிறது. முன்னால் நிற்கிற விமானத்தின் வாலில் போய் புரொப்பெல்லர் இறங்குகிறது. யாருக்கும் அடியில்லை, இன்சூரன்ஸ்காரர் வருகிறார், கதை முடிந்தது.

அமெரிக்காவில் விபத்துகளை விசாரிக்கிற தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் (இனிமேல் என்டிஎஸ்பி என்றே எழுதுகிறேன்) இந்த மாதிரி கேஸுக்கு இரண்டு பக்க அறிக்கை போடும். கடைசியில் 'சாத்தியமான காரணம்' என்று ஒரு வரி இருக்கும். பைலட் போதிய இடைவெளி விடவில்லை. துணைக் காரணம், அவருடைய கவனம் வேறு பக்கம் திரும்பியிருந்தது. இதே வரியை வெவ்வேறு ஊர், வெவ்வேறு வருஷம் போட்டுத் திரும்பத் திரும்பப் படித்த பிறகு எனக்கு ஒரு எரிச்சல் வந்தது. எங்கள் தொழிலில் சர்வர் விழுந்தால் மறுநாள் ஒரு அறிக்கை எழுதுவோம். அதில் 'மூல காரணம்: மனிதத் தவறு' என்று யாராவது எழுதினால், கொஞ்சம் அனுபவமுள்ள மேனேஜர் அதைத் திருப்பி அனுப்புவார். தப்பு செய்தது மனிதன்தான்னு எங்களுக்கும் தெரியும். அவன் செய்த ஒரு தப்பு எப்படி சர்வர் வரைக்கும் தடையில்லாமல் போய்ச் சேர்ந்தது என்பதுதான் கேள்வி.

இரண்டு பக்க அறிக்கையை விமர்சிப்பது நியாயமில்லை. அதற்கு அவர்களிடம் ஆளும் இல்லை, நேரமும் இல்லை. அதனால் என்டிஎஸ்பி முழு பலத்தோடு விசாரித்து, புத்தகமாகவே போட்ட ஒரு அறிக்கையை எடுத்துக்கொள்கிறேன். 1996 நவம்பர் 19, இல்லினாய் மாநிலம் குயின்சி. அறிக்கை 1997-ல் வெளியானது. எனக்குத் தெரிந்து சின்ன விமானங்களின் தரை மோதல் பற்றி எழுதப்பட்டதிலேயே கனமான ஆவணம் இதுதான். நல்ல அறிக்கை. அதனால்தான் அதோடு சண்டை போடத் தோன்றுகிறது.

முதலில் நடந்தது என்ன என்று பார்ப்போம்.

குயின்சி விமான நிலையத்தில் டவர் கிடையாது. இது ஏதோ குறைபாடு என்று நினைக்கவேண்டாம். அமெரிக்காவில் பொதுமக்கள் பயன்பாட்டுக்கு இருக்கும் சுமார் 5000 விமான நிலையங்களில் டவர் உள்ளவை 500 சொச்சம்தான். மற்ற இடங்களில் எல்லாரும் ஒரே ரேடியோ அலைவரிசையில் 'நான் இங்கே இருக்கிறேன், இதைச் செய்யப்போகிறேன்' என்று சொல்லிக்கொண்டு, மற்றவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு போகவேண்டும். அனுமதி கொடுக்கிறவர் என்று யாருமே இல்லை.

அன்று மாலை இருட்டத் தொடங்கிய நேரம், ஐந்து மணி. மூன்று விமானங்கள். முதலாவது, கிரேட் லேக்ஸ் ஏவியேஷன் நிறுவனம் யுனைடெட் எக்ஸ்பிரஸ் பெயரில் ஓட்டிய பீச் 1900. சிகாகோவிலிருந்து கிளம்பி, பர்லிங்டனில் இறங்கி ஏறி, குயின்சியின் 13-ஆம் எண் ரன்வேயில் இறங்க வந்துகொண்டிருந்தது. பயணிகள் 10 பேர், பைலட்டுகள் 2 பேர். இரண்டாவது, கிங் ஏர் என்கிற இரட்டை எஞ்சின் தனியார் விமானம். அதில் இரண்டு பேர். அது 4-ஆம் எண் ரன்வேயிலிருந்து கிளம்ப நின்றது. மூன்றாவது, கிங் ஏருக்குப் பின்னால் தன் முறைக்காகக் காத்திருந்த பைப்பர் செரோக்கி என்கிற குட்டி விமானம். 13-ம் 4-ம் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் ரன்வேக்கள்.

கிங் ஏரிலிருந்து ஒரு பெண் குரல், 4-ஆம் ரன்வேக்குள் போகிறோம், புறப்படப்போகிறோம் என்று அறிவித்தது. பீச் 1900-ன் கேப்டனும் ஒரு பெண்தான். அவர் அதைக் கேட்டார். காக்பிட் பதிவில், அவள் 4-ஐத்தானே எடுக்கிறாள் என்று துணை பைலட்டிடம் சரிபார்த்துக்கொள்கிறார். தரையிறங்கச் சற்று முன்னால் ரேடியோவிலும் கேட்கிறார்: 4-ஆம் ரன்வேயில் இருக்கும் விமானம் அங்கேயே நிற்கப்போகிறதா, இல்லை கிளம்பப்போகிறீர்களா?

பதில் வந்தது. ஆனால் கிங் ஏரிலிருந்து வரவில்லை. பின்னால் நின்ற செரோக்கியின் பைலட், கேள்வி தனக்குத்தான் என்று நினைத்து, தன் எண்ணைச் சொல்லி, 4-ஆம் ரன்வேயில் புறப்படக் காத்திருப்பதாகச் சொன்னார். அதே வாக்கியத்தில் கிங் ஏர் என்ற பெயரும் வந்தது. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே பீச் 1900-ன் காக்பிட்டில் இருந்த தரை எச்சரிக்கைக் கருவி, உயரம் 'இருநூறு' அடி என்று உரக்கச் சொன்னது. பதிலில் ஒரு பகுதி அந்தச் சத்தத்தில் அடிபட்டுப்போனது. மிச்சம் இருந்ததில் 'காத்திருக்கிறேன்', '4-ஆம் ரன்வே', 'கிங் ஏர்' என்ற மூன்றும் இருந்தன. கேப்டன் நன்றி சொல்லிவிட்டு, ஒரு நொடியில் உங்கள் குறுக்குப்பாதையைக் கடந்துவிடுகிறோம் என்றார். 'சார்' என்று விளித்தார். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் 'அவள்' என்று அவரே குறிப்பிட்ட விமானத்துக்கு.

இந்த 'சார்' என்ற ஒரு சொல்லில் நான் ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். காது ஆண் குரலைக் கேட்டது, நாக்கு அதற்குச் சரியான மரியாதைச் சொல்லையும் எடுத்துக் கொடுத்தது. ஆனால் 'அப்படியானால் இது வேறு ஆள்' என்ற முடிவு மட்டும் வந்து சேரவில்லை. தரையிலிருந்து இருநூறு அடி உயரத்தில், இறங்கிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அந்த முடிவு வரவில்லை என்றால் எனக்கு ஆச்சரியமில்லை. எதிர்பார்த்த பதில், எதிர்பார்த்த நேரத்தில் வந்தது. போன் எடுத்ததும் 'சொல்லு' என்று ஒரு குரல் கேட்டால் யார் என்று பார்க்காமல் பேச ஆரம்பித்துவிடுகிறோமே, அதே கதைதான்.

கிங் ஏர் ரன்வேயில் சிறிது நேரம் நின்றுவிட்டு, கிளம்புகிறேன் என்று அறிவிக்காமலே ஓடத் தொடங்கியது. பீச் 1900 இறங்கி ஓடி வந்துகொண்டிருந்தது. குறுக்குப்பாதையில் இரண்டும் மோதின.

இதற்குப் பிறகு வரும் பக்கங்கள்தான் அறிக்கையிலேயே படிக்கக் கஷ்டமானவை. பீச் 1900-ல் இருந்தவர்கள் மோதலில் சாகவில்லை. விமான நிலையத்தில் இருந்த சில பைலட்டுகள் ஓடி வந்தார்கள். அவர்களில் ஒருவர் அதே வகை விமானத்தை ஓட்டத் தகுதி பெற்றவர். காக்பிட் ஜன்னல் வழியாகக் கேப்டன் அவர்களிடம் பேசினார். கதவைத் திறங்கள் என்றார். திறக்க வரவில்லை. மோதலில் கதவும் சட்டமும் நெளிந்து, உள்ளே இருக்கும் கேபிள் தளர்ந்துபோயிருக்கும் என்று அறிக்கை சொல்கிறது. தீ பரவியது. விமான நிலையத்தில் தீயணைப்பு ஆட்களே கிடையாது, நகரத்திலிருந்து வண்டி வரவேண்டும். அது வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. இரண்டு விமானங்களிலும் சேர்த்து 14 பேர்.

தீயணைப்பு ஆட்கள் ஏன் இல்லை? அன்றைய விதிப்படி, 30-க்கு மேல் இருக்கைகள் உள்ள விமானங்கள் வந்துபோகும் நிலையங்களுக்குத்தான் அந்தக் கட்டாயம். பீச் 1900-ல் 19 இருக்கை. பத்தொன்பது பேர் எரிந்தால் பரவாயில்லை என்று யாரும் எழுதி வைக்கவில்லைதான். ஆனால் விதியைப் படித்தால் அப்படித்தான் அர்த்தம் வருகிறது.

சரி, இப்போது தீர்ப்புக்கு வருவோம். என்டிஎஸ்பி சொன்ன சாத்தியமான காரணத்தை என் வார்த்தைகளில் சொல்கிறேன். கிங் ஏரில் இருந்த பைலட்டுகள் பொது அலைவரிசையைச் சரியாகக் கண்காணிக்கவில்லை, அல்லது மற்ற விமானங்கள் வருகிறதா என்று சரியாகப் பார்க்கவில்லை. அதனால் இன்னொரு விமானம் குறுக்கு ரன்வேயில் இறங்கிக்கொண்டிருக்கும்போது கிளம்ப ஆரம்பித்தார்கள். துணைக் காரணம், செரோக்கி பைலட்டின் இடையில் அடிபட்ட பேச்சும், பீச் 1900 பைலட்டுகள் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டதும். உயிரிழப்பின் கடுமைக்குக் காரணம், தீயணைப்பு வசதி இல்லாததும் கதவு திறக்காததும்.

பொய் என்று இதில் எதுவும் இல்லை. தரையில் இருக்கிற விமானத்தைவிட இறங்க வருகிற விமானத்துக்குத்தான் முன்னுரிமை. கிங் ஏர் பார்த்திருக்கவேண்டும், அறிவித்திருக்கவேண்டும். இதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஏன் அவர்கள் கேட்கவில்லை, ஏன் பார்க்கவில்லை? கிங் ஏரில் காக்பிட் குரல் பதிவுக் கருவி கிடையாது. அதில் இருந்த இருவரும் இறந்துவிட்டார்கள். ரேடியோ ஸ்விட்சுகள் சரியான நிலையில் இல்லாமல் இருந்திருக்கலாம், அல்லது வேறு வேலையில் மூழ்கி, கவனம் சிதறி இருந்திருக்கலாம் என்று அறிக்கையே ஒன்றுக்கு மேற்பட்ட சாத்தியங்களைச் சொல்கிறது. ஸ்விட்ச் தப்பான நிலையில் இருப்பது வேறு, காதில் விழுந்தும் மனதில் பதியாமல் போவது வேறு, காதிலேயே விழாமல் இருப்பது வேறு. மூன்றுக்கும் மூன்று வேறு மருந்து. மூன்றையும் 'கண்காணிக்கத் தவறினார்கள்' என்ற ஒரே டப்பாவில் போட்டு மூடியாயிற்று. அவர்கள் கேட்கவில்லை என்பது உண்மை. அதைத்தான் இந்த வரி வேறு வார்த்தையில் திருப்பிச் சொல்கிறது. நடந்ததை வர்ணிக்கிற வாக்கியம் அது. காரணம் என்ற தலைப்பின் கீழ் உட்கார்ந்திருப்பதால் காரணம் மாதிரித் தெரிகிறது.

எனக்கு இன்னும் பெரிய உறுத்தல் பீச் 1900 பக்கம்தான். 1974-ல் சார்லட் நகரத்தில் ஈஸ்டர்ன் 212 விமானம், இறங்கும் நேரத்தில் காக்பிட்டில் சம்பந்தமில்லாத அரட்டை ஓடிக்கொண்டிருக்க, தரையில் மோதி எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த மாதிரி விபத்துகளுக்குப் பிறகு 1981-ல் ஒரு விதி வந்தது. தரையில் உருளும்போதும், ஏறும்போதும் இறங்கும்போதும், பத்தாயிரம் அடிக்குக் கீழேயும் வேலைக்குச் சம்பந்தமில்லாத பேச்சோ காரியமோ கூடாது. இது பயணிகளை ஏற்றும் வணிக விமானங்களைத்தான் கட்டுப்படுத்தும். கிங் ஏர் மாதிரி தனியாருக்கு ஆலோசனை மட்டும்தான். குயின்சியில் அந்த விதிக்கு உட்பட்டவர்கள் பீச் 1900 பைலட்டுகள். அவர்கள் என்ன செய்தார்கள்? அறிவித்தார்கள், கேட்டார்கள், இன்னொரு விமானம் இருப்பதைக் கவனித்தார்கள், தங்களுக்குள் சரிபார்த்தார்கள், சந்தேகம் வந்ததும் ரேடியோவில் நேரடியாகவே கேட்டார்கள். கவனம் சிதறாத காக்பிட் எப்படி இருக்கவேண்டுமோ அப்படி இருந்தது. அவர்களும் செத்தார்கள். அப்படியென்றால் கவனத்தைத் தாண்டி வேறு ஏதோ இங்கே உடைந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்?

என்ன உடைந்தது என்று எங்கள் தொழில்காரர் யாரைக் கேட்டாலும் ஐந்து நிமிஷத்தில் சொல்லிவிடுவார்கள். ஒரே அலைவரிசையில் எல்லாரும் பேசுகிறார்கள், ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசமுடியும், இருவர் ஒன்றாகப் பேசினால் கீச்சென்று சத்தம்தான் வரும். செய்தி போய்ச் சேர்ந்ததா என்று அனுப்பியவருக்குத் தெரியாது. பதில் அனுப்பியவர் யார் என்று நிரூபிக்க வழியில்லை. குயின்சியில் கேள்வியில் பெறுநர் பெயரே இல்லை, 'ரன்வேயில் இருக்கும் விமானம்' என்றுதான் இருந்தது. யாருக்கு என்று எழுதாத செய்திக்கு, கேட்கப்படாத ஆள் பதில் சொன்னார். அதில் அனுப்புநர் அடையாளம் சரியாகப் பதியவில்லை, உள்ளடக்கத்தில் மட்டும் சரியான சொற்கள் இருந்தன. இப்படி ஒரு நெறிமுறையில் வங்கிப் பணப் பரிமாற்றம் நடந்தால் நாம் விடுவோமா?

ரயில்வேக்காரர்கள் இதை நூறு வருஷத்துக்கு முன்னாலேயே புரிந்துகொண்டார்கள். ஒற்றைத் தடப் பாதையில் டிரைவர் கையில் டோக்கன் வராமல் ரயில் நகராது. நம் ஊர் சின்ன ஸ்டேஷன்களில் பிரம்பு வளையத்தில் பையைக் கட்டி, ஓடுகிற ரயிலில் டிரைவரிடம் கொடுப்பதைப் பார்த்த தலைமுறை நாங்கள். அந்தப் பைக்குள் இருக்கும் உலோக உருண்டை ஒரு நேரத்தில் ஒன்றுதான் மெஷினிலிருந்து வெளியே வரும். டிரைவர் கவனமாக இருக்கவேண்டும் என்று அறிவுரை சொல்லி விட்டுவிடவில்லை. கவனம் தப்பினாலும் இரண்டாவது உருண்டை வராதபடி மெஷினைக் கட்டினார்கள். விமானத்துக்கு அப்படியே பொருந்தாதுதான், ரன்வேயில் யாரும் பிரம்பு வளையத்தை நீட்டமுடியாது. ஆனால் அந்த யோசனையின் திசை வேறு.

என்டிஎஸ்பிக்கு இந்தத் திசை தெரியாதா? நன்றாகத் தெரியும். எனக்கு ஆதங்கமே அதனால்தான். குயின்சிக்கு ஐந்து வருஷம், பத்து மாதத்துக்கு முன்னால், 1991 பிப்ரவரி 1-ஆம் தேதி இரவு, லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தில் ஒரு விபத்து நடந்தது. டவரில் இருந்த கன்ட்ரோலர், ஸ்கைவெஸ்ட் நிறுவனத்தின் மெட்ரோலைனர் என்கிற சின்ன விமானத்தை ரன்வேயின் நடுவே ஒரு சந்திப்பில் நிறுத்தி வைத்தார். அதே நேரத்தில் இன்னொரு சின்ன விமானம் அலைவரிசையை மாற்றிக்கொண்டு காணாமல்போனது, அதைத் தேடினார். வேறொரு விமானத்துக்கான காகிதச் சீட்டு மேஜையில் இல்லை, அதையும் தேடினார். இதற்கு நடுவில் நிறுத்தி வைத்த விமானத்தை மறந்தார். அதே ரன்வேயில் யுஎஸ்ஏர் 737 இறங்க அனுமதி கொடுத்தார். மெட்ரோலைனரில் இருந்த 12 பேரும் இறந்தார்கள், 737-லும் இருபதுக்கு மேல்.

இதைவிடத் தெளிவான கவனச் சிதறல் கேஸ் கிடைக்காது. பேச்சு டேப்பில் இருக்கிறது, கன்ட்ரோலர் உயிரோடு இருந்து தானே சொல்கிறார். ஆனால் என்டிஎஸ்பி எழுதிய காரணம் என்ன தெரியுமா? அந்த டவரின் நிர்வாகம் தேவையான மாற்று ஏற்பாடுகளை நடைமுறைப்படுத்தவில்லை, மேலே இருந்த விமானப் போக்குவரத்து நிர்வாகம் சரியான கொள்கை வழிகாட்டலும் மேற்பார்வையும் தரவில்லை, அதனால் உருவான சூழலில்தான் ஒரு கன்ட்ரோலர் நிலைமையைத் தவறவிட்டார் என்று எழுதினார்கள். ஒரு மனிதர் மறப்பார் என்பதை எடுத்த எடுப்பிலேயே ஒப்புக்கொண்டு, மறந்தால் பிடிக்க ஏன் இரண்டாவது வலை இல்லை என்று கேட்டார்கள். அன்றைக்குத் தரை ராடாரும் வேலை செய்யவில்லை.

அதே வாரியம், ஆறு வருஷம் கழித்து எழுதியபோது, வேறு தத்துவம். ஏன்? என் ஊகம் இது: லாஸ் ஏஞ்சலஸில் சட்டையைப் பிடித்துக் கேட்க ஒரு நிர்வாகம் இருந்தது. குயின்சியில் டவரே இல்லை. டவர் இல்லாததால் டவர் மேனேஜர் இல்லை, நடைமுறைப் புத்தகம் இல்லை, மீறப்பட்ட உள் விதி இல்லை. யாருமே எதுவுமே கட்டி வைக்காத இடத்தில், கட்டினது சரியில்லை என்று யாரிடம் சொல்வது? மிஞ்சியது அந்த இரண்டு பேர்தான். பாதுகாப்பு எவ்வளவு குறைவாக இருக்கிறதோ, அவ்வளவுக்குப் பழி கடைசி ஆளின் தலையில் விழுகிறது. நிறுவனம் இருந்தால் 'சூழல்'. நிறுவனம் இல்லாவிட்டால் 'கவனச் சிதறல்'.

இதற்கு எதிர்வாதம் ஒன்று இருக்கிறது. 2000 மார்ச் 9 அன்று புளோரிடாவின் சாரசோட்டாவில் இரண்டு குட்டி செஸ்னாக்கள் ஒரே ரன்வேயில் மோதி நான்கு பேர் இறந்தார்கள். ஒன்று சந்திப்பில் ரன்வேக்குள் வந்து நிற்க, இன்னொன்று பின்னாலிருந்து கிளம்பி வந்தது. அங்கே டவர் இருந்தது, இரண்டு பேருக்கும் அனுமதி கொடுத்ததே டவர்தான். ஆக, டவர் கட்டினால் தீர்ந்துவிடும் என்று சொல்லமுடியாது, கவனம் தப்புகிற இடம் காக்பிட்டிலிருந்து மாடிக்கு ஏறுகிறது, அவ்வளவுதான். ஒப்புக்கொள்கிறேன். நான் டவர் கேட்கவில்லை. ஒரு காதும் ஒரு கண்ணும் தவறினால் அடுத்து என்ன இருக்கிறது என்ற கேள்வியை, ஆள் யாராக இருந்தாலும் கேட்கச் சொல்கிறேன்.

'கவனச் சிதறல்' என்ற சொல்லுக்குள்ளேயே ஒரு குற்றச்சாட்டு ஒளிந்திருக்கிறது. யாரோ அரட்டை அடித்தார், போனைப் பார்த்தார் என்று மனதில் படம் வருகிறது. 1998-ல் நாசாவின் பாதுகாப்பு இதழில் டிஸ்முகெஸ், யங், சம்வால்ட் என்ற மூவர் எழுதிய ஒரு கட்டுரை இந்தப் படத்தை உடைக்கிறது. பைலட்டுகள் தாங்களே முன்வந்து எழுதிய 107 சம்பவ அறிக்கைகளை எடுத்து, எந்த வேலை கவனத்தை இழுத்தது என்று பிரித்தார்கள். பெரும்பங்கு நாலே வகைக்குள் வந்தது. பேச்சுத் தொடர்பு, தலை குனிந்து செய்யும் வேலை, வெளியே மற்ற விமானங்களைத் தேடுவது, எதிர்பாராத கோளாறைச் சமாளிப்பது.

இந்தப் பட்டியலை இன்னொரு தடவை படித்துப் பாருங்கள். பேச்சுத் தொடர்பும், வெளியே பார்ப்பதும்! குயின்சி கிங் ஏர் செய்யத் தவறியதாகச் சொல்லப்படுகிற இரண்டு வேலைகளே வேறு விபத்துகளில் கவனத்தைச் சிதறடித்த வேலைகள். கவனமாக வெளியே பார்த்தால் ரேடியோ தப்பும், கவனமாக ரேடியோ கேட்டால் கண் வெறித்துப் பார்க்கும். சிதறல் என்று நாம் சொல்வது பெரும்பாலும் கவனம் இன்னொரு கடமையில் இருந்ததைத்தான். 1999-ல் சைமன்ஸ், சாப்ரிஸ் இருவரும் செய்த கொரில்லா பரிசோதனை பலருக்கும் தெரிந்திருக்கும். பந்து எத்தனை முறை கைமாறுகிறது என்று எண்ணச் சொன்னார்கள், நடுவில் கொரில்லா வேஷம் போட்டு ஒருவர் நடந்துபோனார், ஏறக்குறைய பாதிப் பேர் கவனிக்கவில்லை. கவனிக்காதவர்கள் சோம்பேறிகள் இல்லை, சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்தவர்கள்.

கண்ணுக்கும் தனியாக ஒரு குறை உண்டு. குறுக்கும் நெடுக்கும் வரும் இரண்டு வாகனங்கள் சீரான வேகத்தில் ஒரே புள்ளியை நோக்கி வந்தால், ஒன்றின் ஜன்னலில் மற்றது நகராமல் ஒரே இடத்தில் நிற்கிற மாதிரிதான் தெரியும். நம் கண் அசைவதைப் பிடிப்பதில் கெட்டி, அசையாததை விட்டுவிடும். குயின்சியில் ஒன்று வேகம் கூடிக்கொண்டும் மற்றது குறைந்துகொண்டும் இருந்ததால் இது அப்படியே பொருந்தாது. ஆனாலும் அந்தி நேரத்தில், விளக்குகளுக்கு நடுவே ஒரு விளக்கைப் 'பார்த்திருக்கவேண்டும்' என்று எழுதுவது மேஜையிலிருந்து சுலபம். சில சமயம் பார்க்க வழியே இருக்காது. 2006 ஜூலையில் ஆஷ்கோஷ் விமானத் திருவிழாவில், இரண்டாம் உலகப்போர் காலத்து அவெஞ்சர் விமானம் ஒன்று தரையில் உருண்டு போகும்போது முன்னால் இருந்த ஆர்வி-6 என்கிற குட்டி விமானத்தின் மேல் ஏறியது. அதன் புரொப்பெல்லர் பட்டு பயணி ஒருவர் இறந்தார். வால் சக்கரம் வைத்த அந்தக் காலத்து விமானங்களில் தரையில் இருக்கும்போது மூக்கு வானத்தைப் பார்த்து நிற்கும், நேர் முன்னால் இருப்பது தெரியாது. அதனால் வளைந்து வளைந்து ஓட்டிப் பக்கவாட்டில் பார்க்கவேண்டும். அங்கேயும் காரணமாக எழுதப்பட்டது பைலட் இடைவெளி காக்கத் தவறியதுதான்.

இப்போது பரிந்துரைகள். காரணத்தை எப்படி எழுதுகிறோமோ, அதற்கு ஏற்ற மாதிரிதான் பரிகாரம் வரும். குயின்சி அறிக்கையில் இதை ஒரே புத்தகத்துக்குள் பக்கத்துப் பக்கத்தில் பார்க்கலாம். கதவைப் பற்றியும் தீயணைப்பைப் பற்றியும் எழுதிய பகுதியில் என்டிஎஸ்பி பொறியாளராக யோசிக்கிறது. கேபிள் எவ்வளவு தளர்ந்தால் கைப்பிடி வேலை செய்யாது, நெளிந்த சட்டத்தில் கதவு திறக்க எப்படி வடிவமைக்கவேண்டும், சின்ன விமானம் வந்துபோகும் நிலையத்துக்கும் தீயணைப்பு ஏன் வேண்டும். யாரும் 'பயணிகள் இன்னும் பலமாகத் தள்ளியிருக்கவேண்டும்' என்று எழுதவில்லை. அதற்குப் பலனும் இருந்தது. தாமதமாகத்தான் என்றாலும் 2004-ல் விமான நிலையச் சான்றிதழ் விதியைத் திருத்தி, 10 முதல் 30 இருக்கை வரையுள்ள விமானங்கள் அட்டவணைப்படி வந்துபோகும் நிலையங்களையும் உள்ளே கொண்டுவந்தார்கள்.

மோதல் பகுதிக்கு வந்தால், விமானப் பயிற்றுநர்கள் மாணவர்களுக்கு வெளியே பார்க்கும் முறையை இன்னும் வலியுறுத்தவேண்டும் என்கிற ரகத்தில் பரிந்துரை. வலியுறுத்தவேண்டும்! அந்தக் கிங் ஏரை ஓட்டியவர் புதியவர் இல்லை, பெரிய விமான நிறுவனத்தில் கேப்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். வெளியே பார்க்கவேண்டும் என்பது அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்த ஒன்றைத் திரும்ப வலியுறுத்துவது, எனக்குத் தெரிந்தவரை, எந்தத் தொழிலிலும் இரண்டு வாரத்துக்கு மேல் வேலை செய்ததில்லை.

அன்றைக்கு வேறு என்ன எழுதியிருக்க முடியும்? அது 1997, இன்றைய தொழில்நுட்பத்தை எதிர்பார்க்கவில்லை. கேள்வி கேட்பவர் எதிராளியின் அழைப்புப் பெயரைச் சொல்லாமல் கேட்கக்கூடாது, பெயரோடு பதில் வராவிட்டால் பதில் வரவில்லை என்றே கொள்ளவேண்டும், சந்தேகம் தீராவிட்டால் இறங்காமல் மேலே போய்ச் சுற்றிவரவேண்டும் என்று காகிதத்திலேயே செய்யக்கூடியவை இருந்தன. தரை எச்சரிக்கைக் கருவியின் குரலும் ரேடியோவின் குரலும் ஒரே நேரத்தில் ஒரே காதுக்குள் போகிற அமைப்பைப் பற்றி நாலு பக்கம் எழுதியிருக்கலாம். பைலட்டைக் காப்பாற்ற வைத்த கருவி, அவரைக் காப்பாற்றியிருக்கக்கூடிய பதிலை மறைத்தது. எனக்கு மொத்த அறிக்கையிலும் முக்கியமான கண்டுபிடிப்பு அதுதான். அதைத் துணைக் காரணத்தில், 'இடையில் அடிபட்ட பேச்சு' என்று செரோக்கி பைலட்டின் கணக்கில் எழுதிவிட்டார்கள். அடித்தது அவரில்லை.

இப்போது தன் இடத்தைத் தானே ஒலிபரப்பும் ஏடிஎஸ்-பி கருவியை 2020-லிருந்து குறிப்பிட்ட வான்வெளிகளில் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். குயின்சி மாதிரி டவர் இல்லாத பல நிலையங்கள் அந்த வான்வெளிக்குள் வராது. மற்றவர்களின் ஒலிபரப்பைப் பெற்றுக் காட்டும் கருவி எங்கேயும் கட்டாயமில்லை. ஆர்வமுள்ளவர்கள் டேப்லெட்டில் பார்க்கிறார்கள். உதவுகிறது, சந்தேகமில்லை. ஆனால் தரையில் உருளும்போது டேப்லெட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டே போய் முன்னால் நிற்பதை இடித்தால், மறுபடி அதே இரண்டு பக்க அறிக்கை, அதே கடைசி வரி.

அந்தக் கடைசி வரியை நான் எழுதுவதாக இருந்தால் குயின்சிக்கு இப்படி எழுதியிருப்பேன். சாத்தியமான காரணம்: குறுக்கே வெட்டும் இரண்டு ரன்வேக்களை, பெறுநர் பெயரோ ஒப்புகையோ இல்லாத ஒரு ரேடியோ வழக்கத்தை மட்டும் நம்பி, பயணிகள் விமானச் சேவைக்குத் திறந்து வைத்தது. துணைக் காரணம்: தப்பான ஆளிடமிருந்து வந்த பதில், எச்சரிக்கைக் கருவியின் சத்தத்தில் சரியான ஆளின் பதிலாகக் கேட்டது. துணைக் காரணம்: கிங் ஏரில் இருந்தவர்கள், தீர்மானிக்க முடியாத காரணத்தால், கேட்கவில்லை, பார்க்கவில்லை.

'தீர்மானிக்க முடியாத காரணத்தால்' என்பதை வேண்டுமென்றேதான் போட்டேன். ரிக்கார்டர் இல்லாத ஒரு காக்பிட்டுக்குள் அந்தக் கடைசி நிமிஷத்தில் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது.